பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

2018 டிசம்பர் 31 அன்று மதியம் 2 மணிக்கு ஜெர்மனியின் 'விவா' இசைத் தொலைக்காட்சி நின்றுபோனது. கடைசியாக ஓடிய பாடல், 'டீ ஃபன்டாஸ்டிஷன் ஃபியர்' என்ற ஸ்டுட்கார்ட் ராப் குழுவினுடையது. 1993 டிசம்பர் 1 அன்று சேனல் தொடங்கியபோது முதலில் ஓடியதும் அதே பாடல்தான். நடுவில் இருபத்தைந்து ஆண்டுகளும் ஒரு மாதமும். மறுநாளிலிருந்து அந்த இடத்தில் நாள் முழுக்க 'காமெடி சென்ட்ரல்'.

நான் ஜெர்மனிக்கு வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் அலுவலகத்தில் நாற்பதைத் தாண்டியவர்கள் துக்கம் விசாரிப்பது போல அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். முப்பதுக்குக் கீழே இருந்தவர்கள், "அது இன்னும் ஓடிக்கிட்டா இருந்துச்சு?" என்று கேட்டார்கள். ஒரு சேனலின் எழுச்சியும் வீழ்ச்சியும் இந்த இரண்டு முகபாவங்களுக்குள் அடங்கிவிட்டது.

யூட்யூப் வந்தது, இசைச் சேனல் செத்தது என்று ஒரே வரியில் இந்தக் கதையை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். விவாவின் ஆண்டுகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் அந்த வரி பொருந்தவில்லை. அது எதனால் எழுந்தது என்று பார்த்தால்தான் எதனால் விழுந்தது என்பதும் தெரியும்.

எம்டிவி ஐரோப்பா 1987 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. லண்டனிலிருந்து, ஆங்கிலத்தில், கண்டம் முழுமைக்கும் ஒரே ஒளிபரப்பு. போர்ச்சுகல் பையனும் போலந்துப் பெண்ணும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைப் பார்க்கலாம். ஜெர்மானியர்களுக்கும் அது பிடித்திருந்தது. கிறிஸ்டியானே பாக்கர் என்ற ஜெர்மன் பெண் அதில் புகழ்பெற்ற தொகுப்பாளராக இருந்தார். ஆனால் அவர் அதில் பேசியது ஆங்கிலம். ஹாம்பர்க்கில் பிறந்த பெண் லண்டனில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேச, அதை ஹாம்பர்க்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இதில் நஷ்டப்பட்டவர்கள் இசைத்தட்டு நிறுவனங்கள். அப்போது ஐரோப்பாவின் மிகப் பெரிய இசைச் சந்தை ஜெர்மனி. அங்கே விற்கும் உள்ளூர்ப் பாடகர்களின் வீடியோக்களுக்கு லண்டனில் பெரிய இடமில்லை. கண்டம் முழுவதற்கும் ஒரே பட்டியல் போடுகிறவர், ஒரு நாட்டுக்கு மட்டும் புரியும் பாட்டை எதற்காகப் போடுவார்? அது அவர்களுக்கு வியாபாரம், வெறுப்பு ஒன்றுமில்லை. ஆகவே வார்னர், சோனி, பாலிகிராம், ஈஎம்ஐ ஆகிய நான்கும் சேர்ந்து சொந்தமாக ஒரு சேனலில் பணம் போட்டன. முன்னால் நின்றவர் டீட்டர் கோர்னி, 'பாப்காம்' என்ற இசைச் சந்தையை நடத்திவந்தவர். இடம் கொலோன் நகரம்.

ஏன் கொலோன்? அது இருக்கும் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம் நிலக்கரியையும் எஃகையும் நம்பி வாழ்ந்த மாநிலம். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்த காலம் அது. ஊடகத் தொழிலை அங்கே கொண்டுவந்து சேர்க்க மாநில அரசு முனைப்பாக இருந்தது. கேபிளில் எந்தச் சேனலுக்கு இடம் என்பதை மாநிலங்களின் ஊடக ஆணையங்கள் முடிவு செய்யும் நாட்டில், அரசின் ஆதரவு சின்ன விஷயமில்லை. நம்ம ஊரில் எந்தச் சேனல் எந்த எண்ணில் வரும் என்பதற்குப் பின்னால் எவ்வளவு அரசியல் உண்டு என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நமக்கும் 1993 முக்கியமான வருடம். அந்தத் தமிழ்ப் புத்தாண்டு நாளில்தான் சன் டிவி தொடங்கியது. இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. வானத்திலிருந்து வேற்று மொழியில் வந்துகொண்டிருந்ததை 'நம்ம மொழியில் கொடுத்தால் என்ன' என்று இரண்டு ஊர்களில் ஒரே சமயத்தில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் கணக்கு பலித்தது.

இசைச் சேனல் என்பது தொலைக்காட்சித் தொழிலிலேயே மலிவான சரக்கு. வீடியோக்களை எடுப்பது இசை நிறுவனங்களின் செலவு. அவர்களுக்கு அது விளம்பரம். சேனல் காசு போட வேண்டியது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் ஒன்றிரண்டு நிமிடங்களுக்குத்தான். ஒரு வண்ணச் சுவர், ஒரு கேமரா, எதிரில் ஒரு ஆள். அந்த ஆளும் மலிவாகக் கிடைக்க வேண்டும். பயிற்சி பெற்ற அறிவிப்பாளர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, கொடுத்தாலும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் அவர்களைப் பார்க்கப்போவதில்லை. விவா இருபது வயதை ஒட்டியவர்களைப் பிடித்து நிறுத்தியது. ஹைக்கெ மகாட்ஷ் அப்படி வந்தவர், பிறகு பெரிய திரைப்பட நடிகையானார். ஸ்டெஃபான் ராப் (பெயர்தான் ராப்) கசாப்புத் தொழில் பழகியவர். பெற்றோரின் இறைச்சிக்கடை கொலோனில் இருந்தது. 'விவாசியோன்' என்ற நிகழ்ச்சியில் வாய்க்கு வந்ததைப் பேசி, அடுத்த பத்தாண்டுகளில் ஜெர்மன் தொலைக்காட்சியின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரானார்.

இவர்கள் பேசிய ஜெர்மன்தான் புதிது. எனக்கு மொழிவகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம், முன்பின் தெரியாதவர்களை 'ஸீ' என்று அழைக்க வேண்டும் என்பது. நம்முடைய 'நீங்கள்' போல. 'டூ' என்றால் 'நீ'. வங்கியில், கடையில், செய்தி வாசிப்பில் எல்லாம் 'ஸீ'. விவாவின் தொகுப்பாளர்கள் பார்வையாளர்களைத் தோழமையோடு ஒருமையில் அழைத்தார்கள். தடுமாறினார்கள், திணறினார்கள், ஆங்கிலச் சொற்களைக் கலந்தார்கள். முதல் நாள் ஓடிய முதல் பாட்டின் தலைப்பிலேயே 'கைல்' என்ற சொல் இருந்தது. அதன் பழைய பொருள் காமவெறி, இளைஞர்கள் வாயில் அது 'செம' என்று ஆகியிருந்தது. தமிழில் சேனல் தொகுப்பாளர்களின் பேச்சைக் கேட்டு மொழி அழிந்துவிட்டது என்று நம் பத்திரிகைகளில் எத்தனை கட்டுரைகள் வந்தன! ஜெர்மனியிலும் அந்த முணுமுணுப்பு இருந்தது. ஆனால் எம்டிவி ஐரோப்பாவின் ஆங்கிலத்துக்கு எதிரே நின்று ஜெயித்தது இந்தத் தெருப் பேச்சுதான். 1997-இல் எம்டிவியே ஜெர்மன் பேசத் தொடங்கியது. ஒரு உள்ளூர் மொழி உலகச் சேனலை மாற்றியது அந்தக் காலத்தில் லேசான வெற்றி அல்ல.

இனி சொல்லப்போவது, பணம் போட்ட நான்கு நிறுவனங்களின் கணக்கில் வராத விஷயம்.

விவா வருவதற்கு முந்தைய வருடங்களை நினைத்துப் பாருங்கள். 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக் நகரின் லிஷ்டன்ஹாகன் பகுதியில், வியட்நாம் தொழிலாளர்கள் குடியிருந்த கட்டடத்தை ஒரு கும்பல் தாக்கித் தீ வைத்தது. வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அதே நவம்பரில் மோல்ன் நகரில் தீவைப்பு. 1993 மே 29 அன்று ஸோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்கு வைத்த தீயில் பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் இறந்தார்கள். ஸோலிங்கன் கத்திகளுக்குப் பெயர்போன ஊர், கொலோனுக்குப் பக்கம். அப்போது நடைமுறையில் இருந்தது 1913-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். பெற்றோர் ஜெர்மானியராக இருந்தால் பிள்ளை ஜெர்மானியர். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இந்த மொழியில் கனவு கண்டாலும் மற்றவர்கள் 'வெளிநாட்டார்' தான்.

அதே வருடக் கடைசியில், பக்கத்து ஊரிலிருந்து தொடங்கிய சேனலின் முதல் முகங்களில் ஒருவர் மோலா அடெபிசி. நைஜீரியப் பெற்றோரின் மகன். பிறந்த ஊர் ஸோலிங்கன். சற்றுப் பின்னால் வந்தவர் மின்-காய் ஃபான்-தி, டார்ம்ஸ்டாட்டில் பிறந்த வியட்நாமியப் பின்னணிப் பெண். 2003-இல் வந்தவர்களில் ஒருவர் குல்ஜான், லூபெக் நகரில் வளர்ந்த துருக்கிய வம்சாவளி. இன்னொருவர் கொலீன் ஃபெர்னாண்டஸ், தந்தை வழியில் இந்திய வேர் கொண்ட ஹாம்பர்க் பெண். இவர்கள் யாரும் இனவெறியைப் பற்றி விவாதிக்க அழைக்கப்பட்டவர்கள் இல்லை. அடுத்த பாட்டு என்ன, யார் மொக்கை, எந்தக் குழு பிரிந்தது என்று பேசினார்கள். ஜெர்மனியின் மிக முக்கியமான செய்தி அறிக்கையான 'டாகஸ்ஷாவ்'வின் இரவு 8 மணிப் பதிப்பை, குடியேறிய குடும்பத்திலிருந்து வந்த ஒருவர் முதன்முதலாக வாசித்தது 2013-இல். கிரேக்கப் பெற்றோரின் மகள் லிண்டா செர்வாகிஸ். மலிவான இசைச் சேனல் இருபது வருடம் முன்னால் போயிருக்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் துருக்கிய வம்சாவளி நண்பர் ஒருவர் ரூர் பகுதியில் வளர்ந்தவர். ஒருநாள் கேன்டீனில் பேச்சு இதில் வந்து நின்றது. "எங்க அப்பா துருக்கி சேனல்தான் பார்ப்பார். ஜெர்மன் டிவியில எங்களை மாதிரி ஆள் வந்தா ஒண்ணு போலீஸ் பிடிச்சிருக்கும், இல்ல வீடு எரிஞ்சிருக்கும். மோலா வந்து நிக்கிறான், சும்மா வளவளன்னு பேசறான். அதைப் பார்த்துட்டே இருப்பேன். பாட்டு வந்தா எழுந்து தண்ணி குடிக்கப் போவேன்" என்றார். பாட்டு வந்தால் எழுந்துபோன ஒரு இசைச் சேனல் ரசிகர்! அவர் சொன்ன பிறகுதான் இந்தச் சேனலின் சரக்கு எது என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

இதை ஒரு புரட்சி என்று நான் சொல்லமாட்டேன். விவா அவர்களை நிறுத்தியதற்குக் காரணம், கேமரா முன்னால் கூசாமல் பேசும் இளைஞர்கள் தேவைப்பட்டதுதான். கொலோன் தெருவில் அப்படிப்பட்டவர்களைத் தேடினால் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். திரையில் முகங்கள் மாறியதால் நாட்டின் மனம் அப்படியே மாறிவிடவும் இல்லை. 2000-இல் அதே மாநிலத் தேர்தலில் என்ன நடந்தது தெரியுமா? கணினித் துறைக்கு ஆள் பற்றாக்குறை என்று, வெளிநாட்டு வல்லுநர்கள் 20,000 பேருக்கு கிரீன் கார்டு கொடுக்க ஷ்ரோடர் அரசு முடிவு செய்திருந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் யூர்கன் ரூட்கர்ஸின் பிரச்சாரத்தில் ஒட்டிக்கொண்ட முழக்கம் 'கிண்டர் ஷ்டட் இண்டர்'. இந்தியர்களுக்குப் பதில் நம் குழந்தைகளைக் கணினியில் உட்காரவைப்போம் என்று அர்த்தம். ஜெர்மனில் எதுகையோடு நன்றாகவே இருக்கும். அந்தத் தேர்தலில் அவர் தோற்றார், 2005-இல் ஜெயித்தார். பிறகு வந்த என்னைப் போன்ற 'இண்டர்'கள் எல்லாம் அந்த முழக்கத்தை அலுவலக ஜோக்காகத்தான் முதலில் கேட்கிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1990களின் இறுதியில் ஜெர்மன் மொழியில் சோல் இசை பாடி உச்சத்துக்குப் போனவர் மன்ஹைம் நகரின் சேவியர் நாய்டூ. பெயரைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். நம்ம நாயுடுதான், தென்னாப்பிரிக்கா வழியாக வந்திருக்கிறது. அந்தப் பெயரோடு ஜெர்மன் மொழியின் பெரிய குரலாக ஒருவர் ஆக முடிந்ததில் எனக்குச் சின்ன சந்தோஷம் இருந்தது. அதே பாடகர் 2020-இல், குடியேறிகளுக்கு எதிரான இனவாதம் என்று குற்றம் சாட்டப்பட்ட ஒரு காணொளிக்காகப் பாட்டுப் போட்டி நடுவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். சதிக்கோட்பாடுகள் பக்கமும் போனார். 2022-இல் மன்னிப்புக் கேட்டு ஒரு காணொளி வெளியிட்டார். வம்சாவளி யாருக்கும் உத்தரவாதப் பத்திரம் இல்லை. விவாவின் திரை செய்தது இதைவிடச் சிறிய வேலை. இந்த மொழியில் அலட்சியமாக, தப்பாக, சிரித்துக்கொண்டு பேசும் உரிமை யாருக்கெல்லாம் உண்டு என்ற பட்டியலைத் தினமும் கொஞ்சம் நீட்டிக் காட்டியது. அவ்வளவுதான். அந்த நண்பருக்கு அது போதுமானதாக இருந்தது.

வீழ்ச்சிக்கு வருவோம். 2000 ஜூலையில் விவா பங்குச்சந்தைக்குப் போனது. அது 'நொயர் மார்க்ட்' எனப்பட்ட புதிய நிறுவனங்களுக்கான சந்தை, டாட்காம் குமிழி அப்போதே உடையத் தொடங்கியிருந்தது. 2003-இல் அந்தச் சந்தையையே மூடினார்கள். இன்னொரு பக்கம் நாப்ஸ்டர், எம்பி3, வீட்டிலேயே சிடி எழுதும் கருவி. இசை நிறுவனங்களின் வருமானம் இறங்கியது. வருமானம் இறங்கினால் வீடியோ எடுக்கும் செலவும் சேனலில் பணம் போட்டு வைத்திருக்கும் பொறுமையும் சேர்ந்தே குறையும்.

ஓட்டையை அடைக்க வந்தது ரிங்டோன். பெர்லினின் 'ஜாம்பா' நிறுவனத்தின் விளம்பரங்கள் பாட்டுகளின் நடுவே இடைவிடாமல் ஓடின. ஒரு எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் தவளையோ கோழியோ உங்கள் கைபேசியில் கத்தும். கூடவே மாதச் சந்தாவும் ஏறிக்கொள்ளும். அப்பா அம்மாக்கள் பில்லைப் பார்த்துக் கத்தினார்கள். 2004-இல் ஜாம்பாவை அமெரிக்காவின் வெரிசைன் 27.3 கோடி டாலருக்கு வாங்கியது என்றால், எவ்வளவு பணம் அதில் புரண்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு தொகுப்பாளர் பேசிய இடைவெளியில் இப்போது தவளை.

அதே 2004-இல் விவாவையும் விற்றார்கள். வாங்கியது எம்டிவியின் தாய் நிறுவனமான வியாகாம், விலை ஏறத்தாழ 31 கோடி யூரோ. விற்றவர்களில் டைம் வார்னரும், பாலிகிராமைத் தனக்குள் எடுத்துக்கொண்டிருந்த யுனிவர்சலும் உண்டு. எம்டிவிக்கு மாற்றாகச் சேனலைப் பெற்றவர்களே அதை எம்டிவி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். ஒரு நிறுவனத்துக்கு ஒரே நாட்டில் இரண்டு இசைச் சேனல் எதற்கு? சார்லட் ரோஷ் நடத்திய, மாற்று இசைக்குப் பெயர்பெற்ற 'ஃபாஸ்ட் ஃபார்வர்ட்' நிகழ்ச்சி அந்த ஆண்டோடு நின்றது. 2005-இல் விவா கொலோனை விட்டு பெர்லினுக்கு மாறியது. நம்ம ஊரில் சன் மியூசிக் தொடங்கிய வருடமும் 2004 தான். அங்கே அஸ்தமனம், இங்கே உதயம்.

இப்போது அந்த ஒற்றை வரி விளக்கத்தைச் சோதிக்கலாம். ஜெர்மனியில் யூட்யூப் நெடுங்காலம் இசைக்கு உகந்த இடமாக இருக்கவில்லை. இசையமைப்பாளர்களின் உரிமைத்தொகையை வசூலிக்கும் 'கேமா' சங்கத்துக்கும் (நம் ஐபிஆர்எஸ் மாதிரி) யூட்யூபுக்கும் 2009-இல் ஒப்பந்தம் முறிந்தது. அதிலிருந்து 2016 நவம்பர் வரை ஏராளமான இசைக் காணொளிகள் ஜெர்மனிக்குள் திறக்காது. ஒரு சோக முகமும் மன்னிப்புக் கேட்கும் வாசகமும்தான் வரும். ஏழு வருடங்கள்! போட்டியாளருக்குக் கை கட்டப்பட்டிருந்த காலம். எம்டிவி ஜெர்மனி 2011-இல் கட்டணச் சேனலாகப் போய்விட்டதால் இலவச இசைச் சேனல் களத்தில் விவாவுக்கு இன்னும் கூடுதல் இடம். உயிர் இருந்திருந்தால் பிழைத்திருக்க வேண்டிய காலம் அது. அந்த ஆண்டுகளில்தான் விவா தேய்ந்தது. 2014 முதல் ஒரே அலைவரிசையைக் காமெடி சென்ட்ரலோடு பங்குபோட்டு, நாளின் ஒரு பகுதியில் மட்டும் வந்துபோனது. ஆளில்லாமல் பாட்டை மட்டும் அடுக்கினால் அது ஒரு பட்டியல். பட்டியலை எந்தக் கணினியும் மலிவாகப் போடும். விவா தன்னிடம் மட்டும் இருந்த ஒன்றை முதலில் விற்றுத் தின்றுவிட்டு, எல்லோரிடமும் கிடைப்பதோடு கடைசிவரை நின்றது.

பட்டியல் போடும் நிரல்கள் என் தொழிலுக்குப் பக்கத்து வீடு. அவை எப்படி வேலை செய்கின்றன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட பாட்டுகளையும், உங்களைப் போல் கேட்டவர்கள் அடுத்து என்ன கேட்டார்கள் என்பதையும் எண்களாக்கி, எதைப் போட்டால் நீங்கள் விட்டுப்போகமாட்டீர்கள் என்று கணிப்பது. விவாவில் பாட்டு தேர்ந்தெடுத்தவர்களைவிட இந்தக் கணிப்பு உங்களை நன்றாக அறியும். அந்தத் தேர்வாளர்கள் ஒன்றும் ரிஷிகள் இல்லை. முதலாளிகள் இசை நிறுவனங்கள், எந்தப் பாட்டு நாளைக்கு எத்தனை முறை ஓடும் என்பதில் அவர்கள் நலன் இருந்தது. பாட்டு கிடைப்பதைப் பொறுத்தவரை நாம் இழந்தது எதுவுமில்லை, லாபம்தான்.

நடுவில் இருந்த ஆள்தான் போய்விட்டார். இன்றும் இளைஞர்கள் கேமரா முன் பேசுகிறார்கள், முன்னெப்போதையும்விட அதிகம் பேர், எல்லா நிறத்திலும். ஆனால் அவர்களை யார் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது என்பதை அதே கணிப்புதான் முடிவு செய்கிறது. ஏற்கெனவே விரும்புகிறவர் முன்னால்தான் நிறுத்தும். ரோஸ்டாக்கில் கைதட்டியவர்களின் பிள்ளைகளும் 1990களில் விவா பார்த்திருப்பார்கள். பாட்டுக்காகக் காத்திருந்தபோது மின்-காய் வந்து பேசியிருப்பார். அவர் வேண்டும் என்று யாரும் பொத்தானை அழுத்தவில்லை. அடுத்த பாட்டு வரவேண்டுமென்றால் அவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

'உங்கள் சாய்ஸ்' நிகழ்ச்சியில் பெப்சி உமா தொலைபேசியில் பேசியதை நினைத்துப் பார்க்கும் தமிழ் வாசகர்களில் பலருக்கு, அன்று எந்தப் பாட்டு ஓடியது என்பது ஞாபகம் இருக்காது. அழைத்தவரின் ஊர்ப் பெயர், தயங்கிய குரல், லைன் கிடைத்துவிட்ட நம்பமுடியாமை இதெல்லாம்தான் மிஞ்சியிருக்கும். ஒரு மொழியில் யார் யார் இருக்கிறார்கள் என்று அந்த மொழிக்காரர்களே தெரிந்துகொள்ள இப்படிச் சில பொது இடங்கள் வேண்டியிருக்கின்றன. விவா கொஞ்ச காலம் ஜெர்மனுக்கு அப்படி ஓர் இடமாக இருந்தது. பாட்டு விற்கப் போட்ட கடையில் யாரும் திட்டமிடாமல் அமைந்த திண்ணை அது. கணக்குப் பார்த்தபோது திண்ணைக்கு வாடகை வரவில்லை, இடித்துவிட்டார்கள்.